மறுபரிசோதனைக் கையெழுத்து

நிலைய நாள் 212 — 07:10

சனிக் கோளின் நிலவு டைட்டன், வடகரை விமானத்தளம். பதிவு: பேச்சியம்மாள், பராமரிப்புப் பொறியாளர்.

நாரை-2 விமானத்துக்கு, நூறு மணி நேரம் பறந்தபின் செய்யும் பராமரிப்பு முடிந்தது. இரண்டு மோட்டார்களிலும் பேரிங் மாற்றினேன். வாலில், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் பலகையான எலிவேட்டரை இயக்கும் கம்பி தேய்ந்திருந்தது, புதியது பொருத்தினேன். வெளியே மைனஸ் 179. மீத்தேன் தூறல். காற்று இல்லை.

06:55க்கு விமானம் கிளம்பியது. விமானி மாசானமுத்து, என் தம்பி. கடலுக்கு அக்கரையில் தென்முகாமில் இருக்கும் மூன்று பேருக்குக் காற்று வடிகட்டி பழுதாகிவிட்டது. புதியதைக் கொண்டு போகிறான். இந்தத் தளத்தில் நாங்கள் இருவர்தான்.

12:40

முகாமிலிருந்து: "வடிகட்டி ஓடுது. மூணு பேரும் நல்லா மூச்சு விடறோம். உங்க தம்பி சாப்பிடக்கூட நிக்கல, பதினொரு மணிக்கே கிளம்பிட்டாரு."

பட்டறை காலை அவசரத்தில் போட்டது போட்டபடி கிடக்கிறது. ஒழுங்கு செய்யப் போகிறேன்.

13:25

கருவித் தட்டில் ஒரு கோட்டர் பின் கிடக்கிறது. புதியது. மடக்கப்படாதது.

எலிவேட்டர் கம்பியின் நட்டு கழலாமல் இருக்க, அதன் துளையில் செருகி மடக்க வேண்டிய பின். ஒன்றுதான் எடுத்து வைத்தேன்.

நட்டை முறுக்கியது நினைவிருக்கிறது. அப்போது முகாமிலிருந்து அழைப்பு வந்தது. எழுந்து போய்ப் பேசினேன். திரும்பி வந்து, கம்பி இருக்கும் இடத்தின் மூடியை அடைத்துவிட்டேன்.

ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது மறுபரிசோதனை விதி. மூடியைத் திறக்கவா என்று மாசானத்திடம் கேட்டேன். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்க்கா, குடு" என்று படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். நானும் விட்டுவிட்டேன்.

13:28

"லே மாசானம், முகாமுக்கே திரும்பிப் போ. எலிவேட்டர் நட்டுல கோட்டர் பின் போடல. நான்தான் போடல."

"பாதிக் கடல் தாண்டியாச்சுக்கா. இப்ப நம்ம கரைதான் கிட்ட. ஸ்டிக்கு லேசா ஆடுது. மெதுவா வாரேன். பதறாத."

13:51

"கழண்டுட்டுக்கா. மூக்கு கீழ போகுது. தூக்க முடியல."

டைட்டனில் எதுவும் மெதுவாகத்தான் விழும். விழுந்து முடியும் வரை ரேடியோ திறந்தே இருந்தது. அவன் மூச்சு கேட்டது.

14:06

உயிரோடு இருக்கிறான். விமானி அறை உடையவில்லை. இங்கே கடல் மீத்தேன். அது தண்ணீரைவிட இலேசு, விமானத்தைத் தாங்காது. நாற்பத்தேழு மீட்டர் ஆழத்தில், கடலடித் தரையில் கிடக்கிறான். இந்தக் கடல் ரேடியோ அலையை மறைக்காது. குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வருகிறது.

சூடேற்றிக்கு ஐந்து மணி நேர பேட்டரி. வேறு விமானம் இல்லை. படகு இல்லை. பூமியிடம் கேட்டிருக்கிறேன். பதில் வர இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும்.

அவனுக்கும் கணக்குத் தெரியும். "கரையில நின்னு பாத்தா என் லைட்டு தெரியுதான்னு பாரேன்" என்றான். உடுப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்.

16:55

பூமி: "மீட்க வழியில்லை. மிகவும் வருந்துகிறோம். விபத்தின் காரணத்தைப் பதிவு செய்யவும்."

17:40

"அம்மாட்ட என்ன சொல்லுவ?"

"நடந்ததச் சொல்லுவேன்."

"சொல்லாதக்கா. நான் குனிஞ்சு பாத்திருந்தா இது இல்ல. என் தப்புந்தான்."

"நீ என்னைய நம்புன. அது தப்பால?"



18:20

என்னிடம் சொல்லாமல் செயற்கைக்கோள் வழியே நேராகப் பூமிக்கு அனுப்பியிருக்கிறான். நகல் இங்கேயும் வந்தது:

"விமானி மாசானமுத்துவின் வாக்குமூலம். மூடியைத் திறந்து நானே பார்த்தேன். கோட்டர் பின் இருந்தது, மடக்கியிருந்தது. பறக்கும்போது கம்பி உடைந்தது. பராமரிப்பில் குறை இல்லை."

பிறகு என்னிடம்: "அனுப்பிட்டேன். இனி நீ ஒண்ணும் எழுதாத. எழுதுனா நான் பொய்யன்னு ஆயிரும், பாத்துக்கோ." சிரிக்கப் பார்த்தான். பல் கிட்டியது.

19:02

கால் மரத்துவிட்டதாம். ஏதாவது பேசு என்கிறான். முன்னால் பராமரிப்புக் கையேடுதான் இருந்தது. அதைப் படித்தேன். நாலாவது அத்தியாயம், சக்கரங்கள். டயரின் காற்றழுத்தம். பிரேக் பட்டையின் தடிமன்.

"நல்லாத்தான் இருக்கு. நிறுத்தாத."

19:31

பதில் இல்லை.

20:15

ஆறாவது அத்தியாயம் வரை படித்துவிட்டேன். ரேடியோ இன்னும் திறந்திருக்கிறது.

நிலைய நாள் 213 — 08:00

பூமி: "விமானியின் வாக்குமூலம் கிடைத்தது. கம்பி உடைந்ததே காரணம் என ஏற்கிறோம். தங்கள்மீது குறை இல்லை. தாயாருக்கும் அவ்வாறே தெரிவித்துள்ளோம். உறுதிப்படுத்தவும்."

அம்மாவின் குரலும் கூடவே வந்தது: "பேச்சி, நீயாவது பத்திரமா வந்து சேரும்மா."

08:50

'உறுதி' என்று ஒரு சொல் போதும்.

அடுத்த கப்பலில் இதே வகை விமானங்கள் நான்கு வருகின்றன. தளத்துக்கு இருவர். நான் உறுதி என்றால், கம்பியை மட்டும் தடிமனாக்கி அனுப்புவார்கள். அந்த இருவரும் ஒருவரையொருவர் நம்புவார்கள். மூடியைத் திறக்க மாட்டார்கள்.

09:30

வாசிப்பவர் எவராயினும்:

கம்பி உடைந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. கோட்டர் பின்னை நான் போடவில்லை. என் மேசைமேல் இருக்கிறது. மூடி திறக்கப்படவில்லை. மறுபரிசோதனை நடக்கவில்லை. விமானி மாசானமுத்துவின் வாக்குமூலம் பொய். எனக்காகச் சொன்னது. குளிரில் நடுங்கிக்கொண்டு சொன்னது. அதைப் பொய் என்று எழுதுவது அவனுடைய அக்கா.

திறந்து பாருங்கள். செய்தவர் யாராக இருந்தாலும் திறந்து பாருங்கள்.

09:41

அனுப்பிவிட்டேன். பூமிக்குப் போய்ச் சேர எண்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். பிறகு அம்மாவிடமும் சொல்வார்கள். அதுவரைக்கும் அம்மாவுக்கு ஒரு பிள்ளை மிச்சம் இருக்கிறது.