கால் எட்டுகிற வண்டி

ஜூன் 9, திங்கள்

காலை பஸ் இன்றும் வரவில்லை. அடுத்ததைப் பிடித்து மெயின் ரோட்டில் இறங்கி, சென்றாயன் கொட்டாய் என்கிற சிற்றூருக்கு நடந்து சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பிரஷர் மெஷின், சர்க்கரை பார்க்கிற மெஷின், மாத்திரைப் பை எல்லாம் தோளில். பாதிப் பேர் களை வெட்டக் காட்டுக்குப் போய்விட்டார்கள். குள்ளம்மாள் அக்கா மட்டும் எனக்காகக் கூலி வேலைக்குப் போகாமல் இருந்தார்.

"நடந்தேவா வந்த கண்ணு? உன் வூட்டுக்காரரு கட வாசல்ல அத்தன வண்டி நிக்குது, ஒண்ண எடுத்துக்கிட்டு வரக்கூடாதா?"

நிற்கிறதுதான். கம்பைநல்லூரில் செபாஸ்டின் மெக்கானிக்கைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் வாசலில் நிற்கிற எதுவும் எங்களுடையது இல்லையே. அவரே சைக்கிளில்தான் சாமான் வாங்கப் போகிறார்.

வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கிற இந்த வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இனி இதுபோல் மூன்று கொட்டாயும் என் பொறுப்பு என்று சுகாதார நிலையத்து மேடம் சொல்லிவிட்டார். "முடியலன்னா சொல்லும்மா, வண்டி வெச்சிருக்கற ஆளாப் பாத்துக்கறோம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நாளைக்கே இவரிடம் வண்டி கேட்டுவிட வேண்டும்.

ஜூன் 10

இவரிடம் கேட்டுவிட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். கை துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"ஸ்கூட்டி வேணாம். கொட்டாய் வழியில அந்த ஓடக் கல்லுல சின்னச் சக்கரம் மாட்டிக்கும். எக்ஸ்எல் ஏறிடும், ஆனா எறக்கத்துல இழுத்துப் புடிக்காது, முழுக்க பிரேக்க நம்பித்தான் வரணும். கியர் வண்டின்னா ரெண்டாவது கியர்ல உட்டா அதுவே அடங்கி எறங்கும். கியர் வண்டிதான் உனக்கு."

எனக்கு! கியர் வண்டி! அனிஷா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் அவளிடம்தான் சொன்னேன். "அம்மா, புல்லட்டா?" என்கிறாள். என் உயரம் ஐந்தடிகூட இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து காய்ந்த ஏரிக்குப் போனோம். கடையில் கிடக்கிற பழைய வண்டி. சுடிதார் போட்டுக்கொண்டேன். கிளட்சை விட்டதும் குதித்து நின்றது. மறுபடியும். மறுபடியும். இவர் பக்கத்திலேயே ஓடி வந்தார். "மெதுவா உடு, மெதுவா உடு." கையும் காலும் தனித்தனி ஆட்களுடையது மாதிரி இருந்தது. கடைசியில் கரை வரை ஓட்டினேன். திருப்பத் தெரியவில்லை, இறங்கித் தள்ளித் திருப்பிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 22

விழுந்தேன். முட்டியில் தோல் போனது. வண்டி கிடக்க, இவர் ஓடி வந்து என்னைத்தான் பிடித்தார். முகம் வெளுத்திருந்தது. இத்தனை சின்னதாக விழுந்ததற்கா?

ஜூன் 29

மூன்றாவது கியர்.

ஜூலை 3

தர்மபுரி ஷோரூமுக்குப் போனோம். அந்தத் தம்பி இவரைப் பார்த்தே பேசினான். "சாருக்கு எந்த மாடல்ங்க?" எனக்குத்தான் என்றதும் நேராக ஸ்கூட்டர் பக்கம் கூட்டிப்போனான். கியர் வண்டி என்று இரண்டாவது முறை சொன்ன பிறகு ஒரு நூற்று இருபத்தைந்து சிசி வண்டியில் ஏறி உட்காரச் சொன்னான். கால் கட்டை விரல் மட்டும் தரையைத் தொட்டது. "பழகிடும் மேடம், எல்லாரும் அப்படித்தான்."

இவர் வாசலுக்கே போய்விட்டார். எனக்கும் சரியாகப் படவில்லை. நின்றால் சாயும். ஓட்டுவதைவிட நிற்பதுதானே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

அரூரில் அறிவழகனின் கன்சல்டிங். பழைய வண்டி வாங்கி விற்கிற இடம். இவருக்கு நீண்ட நாள் பழக்கம். நான்கு வண்டி காட்டினார். ஒன்றில் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறதாம். ஒன்றில் இன்ஜின் சத்தம். ஒன்றில் முன்பக்கம் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டதாம். நான்காவதில் எல்லாம் சரி, "ஆனா எனக்கு மனசு வரல."

அறிவழகன் சிரித்தார். "அண்ணே, வண்டி வாங்க வந்தீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தீங்களா?"

இவர் சிரிக்கவில்லை.

ஜூலை 13

மறுபடியும் அரூர். மறுபடியும் வெறுங்கை.

ஜூலை 16

நல்ல மழை, ஓடையில் தண்ணீர். நடந்து தாண்ட முடியாது என்றார்கள். கொட்டாய் மாத்திரைகளை மெயின் ரோட்டு மளிகைக் கடையில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். யாராவது எடுத்துப்போவார்கள்.

வண்டி பற்றிக் கேட்டால் "பாக்கலாம்" என்கிறார். ஒரு மெக்கானிக்குக்கு எந்த வண்டியும் சரியில்லை என்றால் உலகத்தில் யாருக்குத்தான் வண்டி ஓடுகிறது?

ஜூலை 21, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

மளிகைக் கடையில் மாத்திரை வைத்தது வைத்தபடி இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். குள்ளம்மாள் அக்கா வீட்டுக்குள் படுத்திருந்தார். வலது காலில் துணி சுற்றியிருந்தது. செருப்பு வார் கடித்த புண். பிரித்தால் நாற்றம். சுண்டு விரல் கறுத்துவிட்டது. சர்க்கரை எத்தனை என்று மெஷின் காட்டவே இல்லை, மெஷினின் அளவுக்கே மேலே போய்விட்டது.

"ஏங்க்கா ஒரு போன் பண்ணல?"

"நீ வருவ வருவன்னு பாத்தன் கண்ணு. மழையில எப்பிடி வருவ, பாவம்."

பாவம் என்று என்னைச் சொல்கிறார். என்னை!

ஆட்டோ பிடித்து அரூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார் டாக்டர். நான் ஏன் கடையில வெச்சிட்டு வந்தன்? இடுப்பளவு தண்ணியா ஓடிச்சி? இல்லியே.

ஜூலை 22

சண்டை. இவரிடம் இப்படிக் கத்தியதே இல்லை.

"ஒரு மாசமா ஒவ்வொரு வண்டியிலயும் ஒரு குத்தம் கண்டுபுடிக்கறீங்களே, எனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் வேலைய உட்டுடறன். அந்தம்மா வெரல் போவப் போவுது தெரியுமா?"

இவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மோதி நசுங்குன வண்டியெல்லாம் எங்க வருதுன்னு நெனச்ச? போலீஸ் உட்டதும் என் கடைக்குத்தான் வருது. சைலன்சர்ல, சீட்டுக்கடியில காஞ்சி கெடக்கற ரத்தத்தக் கழுவறது நான்தான். போன மாசம் ஒரு வண்டி. ஃபுட்ரெஸ்ட்ல பொம்பளச் செருப்பு மாட்டிக்கிட்டிருந்திச்சி. எந்த வண்டியப் பாத்தாலும் உன்ன அதுல வெச்சித்தான் பாக்கறன். என்னா பண்ணச் சொல்ற?"

பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். கழுவுகிறார் என்று எனக்குத் தெரியாது. தினமும் சோப்புப் போட்டுக் கை தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். கிரீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபம் போய்விட்டது. ஆனால் வண்டி வேண்டும் என்பது போகவில்லை. அதையும் சொன்னேன். "பயம் எனக்கும் இருக்குதுங்க. நடந்து போனாலும் அதே ரோட்டு ஓரத்துலதான போறன்?"

எழுந்து கடைப் பக்கம் போய்விட்டார்.

ஜூலை 24

விரலை எடுத்துவிட்டார்கள். காலுக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

ஜூலை 26, சனி

தனியாக அரூர் போனேன். "அண்ணன் வரலீங்களா அக்கா?" என்றார் அறிவழகன். ஓட்டப்போவது நான் என்றேன்.

எனக்கு எட்டும் என்று இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று உயரம் குறைந்த சிவப்பு நூற்று இருபத்தைந்து, அதிகம் ஓடாதது, பளபளவென்று இருந்தது. இன்னொன்று கறுப்பு நூறு சிசி, ஏழெட்டு வருடம் ஓடியது, டேங்கில் கீறல். சிவப்பை ஓட்டிப் பார்த்தேன். எவ்வளவு வழுவழுப்பு! இதில் கம்பைநல்லூர் கடைவீதியில் போனால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். எழுதுவதற்கென்ன வெட்கம், ஆசைப்பட்டேன்.

பிறகு ஒரு சாக்கு விரித்து வண்டியைக் கீழே சாய்க்கச் சொன்னேன்.

"எதுக்குங்க?"

"சென்றாயன் கொட்டாய் வழியில உழுந்தா தூக்கி உட அங்க யாரும் இல்ல."

சிவப்பை மூன்று முறை முயன்றும் தூக்க முடியவில்லை. முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. கறுப்பு முதலில் வரவில்லை. ஹேண்டிலைத் திருப்பி, இடுப்பைக் கொடுத்துத் தள்ளினேன். எழுந்து நின்றது. ஏறி உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில். உட்கார்ந்தபடியே பின்னுக்குத் தள்ளவும் முடிந்தது.

இவருக்குப் போன் போட்டேன். "வாங்கப் போறன். வந்து பாக்கறீங்களா?" வரமாட்டார் என்று நினைத்தேன். கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி வந்தார்.

கறுப்பு வண்டியைச் சுற்றி வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"செயின் தேஞ்சிருக்குது. பின்னாடி டயர் மாத்தணும்."

"வேணாங்கறீங்களா?"

"மாத்தணும்னுதான சொன்னன்."

ஜூலை 31

லைசென்ஸுக்கு எட்டு போட்டேன். காலை ஊன்றவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் முறையாக வண்டியில் கொட்டாய்க்கு. மெயின் ரோட்டில் போன் அடித்தது, இவர்தான். ஓடை தாண்டியதும் அடித்தது. வண்டியை நிறுத்திப் பேச வேண்டியிருந்ததால் "இப்பிடி நிறுத்தி நிறுத்திப் போனாத்தான் உழுவன்" என்று திட்டினேன். "சரி சரி" என்று வைத்தார். அரைமணி கழித்து மறுபடியும்.

இறக்கத்தில் இரண்டாவது கியர். முனகிக்கொண்டே அடங்கி இறங்கியது. ஆட்கள் காட்டுக்குக் கிளம்பும் முன்பே போய்விட்டேன். எல்லோருக்கும் பிரஷர் பார்த்தாயிற்று.

ஆகஸ்ட் 14

குள்ளம்மாள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். புண் ஆறுகிறது. நான் தலைகுனிந்து கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். "ஒரு வெரலுதான போச்சி. செருப்புக்குள்ள யாரு எண்ணப் போறா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி அக்காவை வாரம் இருமுறை பார்ப்பது என்று வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19

ஓடை மணலில் சாய்ந்தேன். அடியில்லை. தூக்கி ஓட்டிக்கொண்டு வந்தேன். இவரிடம் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசனை. சொல்லிவிட்டேன். எழுந்துபோய் வண்டியைப் பார்த்துவிட்டு, வளைந்த கியர் லிவரை நிமிர்த்தினார். நடு இரவாகியும் தூங்கவில்லை, புரண்டுகொண்டே இருக்கிறார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேடம் இன்னொரு கொட்டாயையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். வண்டி இருக்கிறதாம்! பெட்ரோலுக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். மேலே எழுதிப் போடுகிறேன் என்கிறார்.

குள்ளம்மாள் அக்காவுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. இவர்தான். இந்த வாரத்தில் முதல் முறை. ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தேன்.

"கொட்டாயிலதான இருக்கற?"

"ஆமாங்க. என்னாச்சி?"

"ஒண்ணுமில்ல. அங்க முருங்கக்கீர கெடச்சா ஒடச்சிக்கிட்டு வா. இங்க கட்டு பத்து ரூவாங்கறான்."

வைத்துவிட்டார். அக்காவிடம் கேட்டேன். "கேக்கணுமா கண்ணு, கொல்லையில மரமே சாஞ்சி கெடக்குது" என்றார். மாத்திரைப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன்.

அனிஷாவும் இவரும் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். உலை கொதிக்கிறது, போகவேண்டும்.