பத்து வகுப்பு, தொண்ணூறு நாள்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். வீட்டில் எல்லாருக்கும் உடம்பு சௌகரியம். மற்ற சௌகரியங்களைப் பற்றிப் போகப் போகச் சொல்கிறேன். உன் முகவரியை உன் தோழி ஒல்லி டீச்சரிடம் வாங்கினேன். அவளைத் திட்டாதே, நான்தான் விடாமல் நச்சரித்தேன். போனில் கூப்பிட்டால் எடுக்கலாமா வேண்டாமா என்று நீ தவிக்க வேண்டியிருக்கும். கடிதம் என்றால் மேஜையில் கிடக்கும், பிடித்தபோது பிரிக்கலாம்.

விஷயம் இதுதான். கீழே உன் ஸ்டுடியோவில் நடன வகுப்பு நின்றுவிடவில்லை. நீ கிளம்பிய மறுவாரமே ஒல்லி டீச்சர் வந்து நடத்த ஆரம்பித்துவிட்டாள். உன் அளவுக்கு வேகம் இல்லை என்று எல்லாரும் குறை சொல்கிறார்கள், ஆனாலும் வருகிறார்கள். நான் வழக்கம்போல வாசலோரம் உட்கார்ந்து, வந்தவர் பெயருக்கு நேரே டிக் போடுகிறேன். அதுவரை எனக்குத் தெரியும். அந்த புக்கிங் சாஃப்ட்வேரில் அதற்கு மேல் நான் போனதே இல்லை. நீ இருந்தவரை போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இப்போது வகுப்புகளுக்கு நீ போட்டுவைத்த பாஸ் எல்லாம் இந்த மாதத்தோடு முடிகின்றன. புதிய பாஸ் உருவாக்கினால்தான் யாரும் அடுத்த வகுப்புக்குப் பதிவு செய்ய முடியுமாம். ஆட வருகிறாரே பஸ் டிரைவர், அவர் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அம்மா, இது என்னை உள்ளே விட மாட்டேங்குது" என்கிறார், ஏதோ நான் கதவைச் சாத்தியதுபோல. தையல்கார அம்மாவும் அவள் தங்கையும் ஒரே பாஸில் மாறி மாறி வரலாமா என்று கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

உன் வீட்டுக்காரனைக் கேட்டேன். நாள் முழுக்க ஆஸ்பத்திரி மெஷின்களைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இது ஒரு பெரிய காரியமா? அவனோ தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதுல நான் கை வைக்க மாட்டேன்மா. மூடிடலாம்" என்றான். எதை மூடலாம் என்கிறான் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. இரண்டு நாள் கழித்து, கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர் வந்து வாடகை விசாரித்து, கீழ் அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனபோதுதான் புரிந்தது.

ஆகவே நானே உட்கார்ந்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூட நூலகத்தில் அட்டை எழுதியவள், புத்தகத்துக்குத் திரும்பத் தர வேண்டிய தேதி போட்டவள், இதற்குப் பயப்படுவேனா என்று நினைத்தேன். பயந்துவிட்டேன். பாஸுக்குப் பெயர் கேட்டது, கொடுத்தேன். பிறகு வரிசையாகக் கட்டங்கள். செல்லுபடி, வரம்பு, தானாகப் புதுப்பித்தல், பிறருக்கு மாற்றுதல். ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான், சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. நாள் கணக்கைப் பாஸ் வாங்கிய தேதியிலிருந்து தொடங்கவா, முதல் வகுப்பிலிருந்து தொடங்கவா என்று ஒரு கேள்வி. ஒருத்தர் வீட்டுக்கு வந்த நாளா, நம்மோடு ஒட்டிய நாளா என்று கேட்பதுபோல இருந்தது. பதில் தெரியாமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

உனக்கு நேரமிருந்தால் இரண்டு வரி எழுது. பாஸ் பற்றி மட்டும் எழுதினாலும் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அத்தை

*

அன்புள்ள மருமகளுக்கு,

முதல் கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்திருக்கும் என்று இப்போது ஒரு சந்தேகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் பதில் வரவில்லை, மாதம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, 'வெளியிடு' என்பதை அமுக்கினேன். பச்சை நிறத்தில் ஏதோ வாழ்த்துச் சொன்னது. என்னமோ பரீட்சையில் தேறியவள்போல மாடிக்குப் போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

சாயங்காலம் பஸ் டிரைவர் முகம் வெளுத்து வந்தார். அவர்தான் முதலில் பாஸ் வாங்கியவர். நான் எண்களை இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். தொண்ணூறு நாளில் பத்து வகுப்பு என்பதற்குப் பதில், பத்து நாளில் தொண்ணூறு வகுப்பு! "தினம் ஒன்பது வகுப்பு ஆடணும்னு வருதும்மா. அப்புறம் பஸ்ஸை யார் ஓட்டறது?" என்று கேட்கிறார், சிரிக்காமல். தையல்கார அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் வாங்கிக்கறேன், ஆயுசுக்கும் சேர்த்து ஆடிடலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருத்தப் போனால், 'இந்தப் பாஸ் விற்பனையாகிவிட்டது, திருத்தும் அனுமதி உங்களுக்கு இல்லை' என்று சிவப்பில் வந்தது. கையைப் பிசைந்துகொண்டு கம்ப்யூட்டரை மூடிவைத்தேன். நாளைக்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், ஸ்டுடியோவையும் உன் வீட்டுக்காரன் சொல்கிறபடியே விட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது.

மறுநாள் காலையில் திறந்தால், பாஸ் சரியாக இருக்கிறது. பத்து வகுப்பு, தொண்ணூறு நாள். கணக்கு முதல் வகுப்பிலிருந்து. அக்கா தங்கை இருவரும் சேர்ந்து பயன்படுத்த ஓர் அனுமதி. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். நான்தான் தூக்கத்தில் செய்தேனா? உன் வீட்டுக்காரனா? அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டான். ஒல்லி டீச்சர்தான் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்ததைக் காட்டினாள். உருவாக்கியவர்: வரவேற்பு. அது நான். மாற்றியவர்: உரிமையாளர்.

உரிமையாளர் யார் என்று அவளிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சந்தோஷம்தான். ஆனால் திருட்டுத்தனமாக எதையோ எட்டிப் பார்த்துவிட்டவள்போல வெட்கமாகவும் இருந்தது. நீ அங்கிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய். நான் போடும் ஒவ்வொரு டிக்கும் உனக்குத் தெரிகிறது. அப்படியானால் ஏன் எழுதவில்லை? எழுத இஷ்டமில்லாதவள் ஏன் திருத்தினாய்? என்னிடம் கோபமா, கோபம் இல்லையா? எனக்குக் குழப்பமாக இருக்கிறதம்மா.

கோபம் இருந்தால் அது நியாயம். அன்று உன் மாணவர்கள் இன்னும் செருப்பைக்கூட மாட்டாமல் நின்றபோது, உன் வீட்டுக்காரன் படியிலிருந்து "குதிக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டான். அது எனக்குச் சமையலறை வரை கேட்டது. நீ படிவழியாக நிமிர்ந்து, சமையலறை வாசலில் நின்ற என்னைப் பார்த்ததையும் பார்த்தேன். நான் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். கேட்கவில்லை என்று நீ நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான். நீ அப்படி நினைத்திருக்க மாட்டாய். ஒரு வார்த்தை "வாயை மூடுடா" என்றிருக்கலாம். பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் நேற்று அளவு நாடாவோடு வந்தார். சுவர்க் கண்ணாடியை எடுத்துவிடலாமா என்று கேட்டுக்கொண்டே நீளத்தை அளந்தார். நான் எழுந்து நின்று, "இப்ப முடியாதுங்க. தொண்ணூறு நாளைக்குப் பாஸ் கொடுத்துட்டோம். வாங்கினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றேன். அவர் பக்கத்தில் நின்ற உன் வீட்டுக்காரனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். நாடா தானாகச் சுருண்டு பெட்டிக்குள் போனது.

அவ்வளவுதான் செய்தி. நன்றாகச் சாப்பிடு.

அத்தை

*

என் அன்பு மருமகளே,

இன்று மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் நான் எனக்கே ஒரு பாஸ் போட்டுக்கொண்டேன். சிரிக்காதே. ஆறு வருடமாக அந்தக் கதவருகே உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாள்கூட அந்த மரத்தரையில் கால் வைத்ததில்லை. நீ இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாய். எனக்கு இதெல்லாம் எதற்கு என்று தட்டிக் கழித்தேன். விற்கிற பாஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வாங்குகிறேன் என்று ஒல்லி டீச்சரிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

என் பெயரில் ஒரு பக்கம் உருவாக்கினேன். பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் கொடுத்தேன். உடல்நலக் குறிப்பு என்ற பெட்டியை மட்டும் காலியாக விட்டேன். சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் வகுப்புக்குப் போனால், எல்லாரும் வெறுந்தரையில் நிற்கிறார்கள், என் இடத்தில் மட்டும் ஒரு நாற்காலி. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கிழவி என்று ஒதுக்கிவிட்டாளே என்று ஒல்லி டீச்சரிடம் சிடுசிடுத்தேன். அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். நான் காலியாக விட்ட பெட்டியில் எழுதியிருந்தது: "இடது முழங்கால் வலி உண்டு, சொல்ல மாட்டார். தரையில் உட்கார வைக்க வேண்டாம். நாற்காலி போடவும். முதல் நாள் அதிகம் வேண்டாம், வீம்புக்குச் செய்வார்."

எழுதியவர்: உரிமையாளர்.

என் முழங்கால் விஷயம் என் பிள்ளைக்குத் தெரியாது. டாக்டரிடம்கூட நான் சொன்னதில்லை. மாடிப்படியில் நான் வலது காலை மட்டும் முதலில் வைப்பதை நீ எப்போது கவனித்தாய்? இந்த வீட்டில் இருந்தபோது ஒரு தடவையாவது கேட்டாயா? கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் கேட்காமல் இருந்தாய் போலிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் தூக்கி இறக்கினேன். பாட்டு முடிந்த பிறகும் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. எல்லாரும் வியர்வை என்று நினைத்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு டிக் போட உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெட்டியிலேயே உனக்கு ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன். 'நன்றி' என்று தட்டினேன். மருமகளுக்கு யாராவது நன்றி எழுதுவார்களா என்று அழித்தேன். 'மன்னித்துக்கொள்' என்று தட்டினேன். மற்றவர்கள் படிப்பார்களே என்று அதையும் அழித்தேன். அதனால்தான் இந்தக் காகிதம்.

உன் வீட்டுக்காரனைப் பற்றி ஒரு செய்தி. நான் நாற்காலியில் ஆடியதைப் படியில் நின்று பார்த்தானாம், தையல்கார அம்மா சொன்னாள். மறுநாள் அவனே கடைத்தெருவுக்குப் போய், அறை வாடகைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதற்காக அவன் மாறிவிட்டான் என்று எழுதி உன்னை ஏமாற்ற மாட்டேன். மாறினானா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவனிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். குழாயைத் திறக்காமல் சொன்னேன். அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். போகட்டும்.

நீ திரும்பி வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத மனம் வரவில்லை. அது உன் முடிவு. நீ வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு நீ மருமகள்தான், அதை யாரைக் கேட்டும் நான் முடிவு செய்யவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்கு எங்கே வலிக்கிறது என்று அங்கே யாருக்காவது தெரியுமா? நீ சொல்லாமலே பார்த்து, உனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட ஆள் இருக்கிறார்களா? இருந்தால் அவர்கள் நன்றாக இருக்கட்டும், நான் நிம்மதியாக இருப்பேன். இல்லையென்றால், எனக்கு எழுதம்மா. நான் கவனிக்காமல் விட்டதையெல்லாம் நீயே சொல். இந்த முறை காது கொடுத்துக் கேட்கிறேன்.

எங்கே இருந்தாலும் உன் கால் தளராமல் இருக்கட்டும்.

உன்,
அத்தை