பெயர் போடாத கட்டுரை

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். கால் வலிக்கு நீ எழுதித் தந்த மாத்திரை கேட்கிறது. பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வருகிறதே, அதற்கு நீதான் பொறுப்பு.

என்னோடு பள்ளியில் வேலை பார்த்த அறிவியல் டீச்சர் நேற்று வந்தாள். அவள் மகள் மருத்துவம் படிக்கிறாள் அல்லவா, அவள் படிக்கும் இதழிலிருந்து ஒரு கட்டுரையை நகல் எடுத்து வந்திருந்தாள். "இது உங்க தம்பி எழுதினதுதானே? அப்ப இது நீங்கதானே?" என்றாள்.

முகங்களை அடையாளம் காண முடியாத ஒரு நோயாளி. ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. பிள்ளைகள் ஆண்டு முழுக்க இடம் மாறி உட்காரக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தவர். துணிக்கடைக் கண்ணாடியில் தன் உருவத்துக்கே வழிவிட்டு ஒதுங்கி நின்றவர். கட்டுரையின் அடியில், 'நோயாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் பெறப்பட்டது' என்று ஒரு வரி.

கண்ணாடிக் கதையை உன் வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். நீ படங்களைக் காட்டி "இது யாரு, இது யாரு" என்று கேட்டபோது, அக்காவுக்கு வைத்தியம் பார்க்கிறாய் என்றுதான் நினைத்தேன். நான் எதில் கையெழுத்துப் போட்டேன்? ஞாபகப்படுத்து.

அன்புடன்,
அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரையைப் படுக்கப் போகும்போது சாப்பிடு.

கட்டுரையில் உன் பெயர் இல்லை, ஊர் இல்லை, படம் இல்லை. இந்தக் குறையோடு ஒருவர் இத்தனை வருடம் வகுப்பு நடத்தியது அபூர்வம். படிக்கிற டாக்டர்களுக்கு உதவும். கேட்டால் நீ மறுக்க மாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

இதழாசிரியர் இப்போது எல்லாக் கட்டுரைகளின் சம்மதப் படிவங்களையும் வாங்கிச் சரிபார்க்கிறாராம். ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடு. தேதியை விட்டுவிடு, நான் போட்டுக்கொள்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றால் எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி போய்விடும். அதோடு, பொய் எழுதியவன் என்ற பேரும் நிற்கும். நீ நினைத்தால் ஒரு நிமிட வேலை.

உன் தம்பி


ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

வகுப்பில் நான் இப்படிச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்: "பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா மூணாவது பெஞ்சில ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கிற ஒருத்தர் வீட்டுப்பாடம் எழுதல." எல்லாத் தலையும் எந்தப் பக்கம் திரும்பும்?

அப்படித்தான் திரும்பிவிட்டன. முந்தாநாள் பழைய மாணவி ஒருத்தி கட்டுரையைப் படித்துவிட்டு ஃபோன் செய்தாள். "அப்ப என்னை உங்களுக்குத் தெரியவே தெரியாதா டீச்சர்?" என்று கேட்டாள். "பதில் சொல்றதுக்கு முன்னால நீ தொண்டையைச் செருமுவே, எட்டை ரெண்டு வட்டமாப் போடுவே, எல்லாம் தெரியும்" என்றேன். ஃபோனை வைத்துவிட்டாள்.

நீ கேட்டிருந்தால் சம்மதித்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. சம்மதித்திருந்தாலும், கண்ணாடிக் கதையை எடுக்கச் சொல்லியிருப்பேன். என்னிடம் படித்த பிள்ளைகளிடம் முதலில் நானே சொல்லியிருப்பேன். கேட்பது அதற்குத்தானே?

படிவத்தில் கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதியும் போட்டு அனுப்பியிருக்கிறேன். அன்று வாங்கவில்லை, இன்றுதான் வாங்கினேன் என்று இதழாசிரியருக்கு எழுது. நடப்பது நடக்கட்டும்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் படிவம் வந்தது. அந்தத் தேதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? விஷயத்தை வேறு வழியில் முடித்துவிட்டேன். அவர்கள் கேட்டது போய்ச் சேர்ந்துவிட்டது. எப்படி என்று கேட்காதே. இனி இந்தப் பேச்சே வேண்டாம்.

பிள்ளைகள் காலாண்டு விடுமுறைக்கு உன்னிடம் வர இப்போதே குதிக்கிறார்கள்.

உன் தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

இதழ் அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. நீ அனுப்பிய படிவத்தில் என் முகவரி இருந்ததாம். நகலை வைத்து, 'இது தங்கள் கையெழுத்துதானா?' என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போட்டிருக்கிறாய்.

என் பதிலின் நகல் இத்துடன் இருக்கிறது. ஒரே வரிதான்: 'இது என் கையெழுத்து அன்று.' உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இன்னும் தபாலில் போடவில்லை. வெள்ளிக்கிழமை வரை என் மேசைமேல் இருக்கும். அதற்குள் நீயே அவர்களுக்கு உண்மையை எழுதிவிட்டால் எனக்கு ஒரு வரி தெரிவி. மற்றவர் சொல்லித் தெரிவதற்கும் நீ சொல்லித் தெரிவதற்கும் அவர்களிடத்தில் வித்தியாசம் உண்டு. என்னிடத்திலும் உண்டு.

அன்புடன்,
அக்கா


ஜூலை 13

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து தகவல் இல்லை. நேற்றுக் காலை என் பதிலைத் தபாலில் போட்டுவிட்டேன்.

பிள்ளைகளை எப்போதும் போல அனுப்பு. அவர்களிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீ வருவதும் வராததும் உன் விருப்பம். வந்தால் வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசு. யாரென்று நான் கேட்க மாட்டேன்.

அக்கா