பெட்டிக்குள் பாடு கிடையாது

1984, ஆடி, செவ்வாய்.

டி.வி. விளையாட்டைப் பற்றி எழுதித் தருவதாக நானேதான் வாயைக் கொடுத்தேன். "யாரையும் கேட்காதீர்கள். நீங்களே ஆடி, உங்கள் மனம் என்ன ஆனதோ அதை எழுதுங்கள்" என்றார் பத்திரிகை ஆசிரியர். எனக்கு மனம் இருப்பதாக அவருக்கு யார் சொன்னார்களோ.

காதர் பாய் வீட்டில், அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி. அதில் மீன்பிடி விளையாட்டு. நான் பொம்மை மீன்களாக இழுத்துத் தள்ளுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்த மச்சினன் ஏழுமலை பொத்தானைத் தொடவேயில்லை.

"இன்னாடா, ஆடு."

"இன்னிக்கி ஏரில பாடு உன்னுது மாமா. என் மொற வராம எப்டி தூண்டில் போடறது?"

எங்கள் குப்பத்தில் ஏரியில் யார் எந்த நாள் மீன் பிடிப்பது என்ற முறைதான் பாடு; அதைத் தாண்டி யாரும் வலை போடமாட்டோம்.

"இங்க பாடும் கெடயாது, ஒரு எழவும் கெடயாது. போடுடா."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. திரும்பும்போது படகில் மெதுவாகச் சொன்னான்:

"பாய் வூட்ல சொன்னத ஏரில சொல்லிடாத மாமா. கேக்க சொகமா கீது."

சொல்லவும் சுகமாகத்தான் இருந்தது. நாள் முழுக்க ஆடி நான் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். அச்சில் வந்தால் பாடு விஷயத்தில் குப்பத்தில் ஒருவரும் என்னை நம்பமாட்டார்கள். விட்டுவிட்டால் எழுத வேறொன்றும் இல்லை.

கண் எரிகிறது. இதுவரை ஒரே வரி எழுதியிருக்கிறேன்: ஏழுமலை தோற்றான்.