ஆராயிக்கா என்று கூப்பிடாத காலை

10.3.2025
இன்று நாலு லாரி. எடை போட்டு, சீட்டு எழுதி, உப்பளத்திலிருந்து வீடு வர ஆறு மணி. கண் இன்னும் கூசுகிறது.

நேற்று நூலகக் கூட்டத்தில் மேரிசெல்வி என் பேய்க்கதையைத் திருப்பிக் கொடுத்தார். நூலகர் அவர், கூட்டத்தை நடத்துவதும் அவர்தான். “நல்லாத்தான் இருக்குது தமிழ்வேந்தன். ஆனா இந்தப் பேய்க்கு நீங்களே பயப்படல. நெஜமா எதுக்குப் பயப்படுறீங்களோ அத எழுதிட்டு வாங்க.”

“பாக்கலாம்” என்று சொல்ல நினைத்தேன். ‘பா’விலேயே நின்றுவிட்டது. ப, பா, பி என்று அந்த வரிசையில் தொடங்கும் எந்தச் சொல்லும் எனக்குத் திக்கும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எதற்குப் பயம் என்று எனக்குத் தெரியாதா?

14.3
நாலு வரி எழுதினேன். கிழித்துவிட்டேன்.

22.3
எழுதிவிட்டேன். கதையாக இல்லை, நடந்ததை.

இரண்டு வருடம் முன்பு, மே மாதம். லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஆராயிக்கா தலையில் உப்புக் கூடையோடு குவியலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். டிரைவருக்கு அவர் தெரியவில்லை, அவருக்கு லாரி தெரியவில்லை. இரண்டையும் பார்த்தவன் எடைமேடையில் நின்ற நான் ஒருவன்தான். “பின்னாடி” என்று கத்த வாய் திறந்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. அவருடைய இடது பாதம் நசுங்கியது.

நான் பார்த்தது யாருக்கும் தெரியாது. இப்போது அவர் கொட்டகையில் உட்கார்ந்து மூட்டை வாய் தைக்கிறார். எனக்கு எதிரே. தினமும்.

நாளைக்கு என் மகள் கலைமதி ரோட்டில் ஓடினால்? நாலு வயசுக் குழந்தை. அப்போதும் வாய் ஒட்டிக்கொண்டால்?

23.3
கதையாக மாற்ற உட்கார்ந்தேன். வேறு பெயர் வைக்கலாம் என்று அவர் பெயரை அடிக்கப் போனேன். ஆராயி. ஆ—

‘ஆ’ எனக்குத் திக்காதே! ஒரு நாளும் திக்கினதில்ல. “ஆராயிக்கா”ன்னு கூப்பிட்டிருந்தா போதுமே. திரும்பிப் பாத்திருப்பாங்களே. ஏன் கூப்பிடல?

அன்று காலையில் லோடுமேன் முருகையன் என்னைப் போலவே திக்கிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கு இனி வாயே திறப்பதில்லை என்ற வீம்பில்தான் நின்றுகொண்டிருந்தேன். ‘பின்னாடி’ ஒட்டிக்கொண்டதும் அதே வீம்பில் வேறு சொல் தேடாமல் விட்டுவிட்டேன். அப்போ நாக்கு மேல தப்பு இல்ல. நான்தான்.

6.4
கதை முடிந்தது. அந்த ‘ஆ’வையும் மறைக்காமல் எழுதினேன். மேரிசெல்வி படித்துவிட்டு நோட்டை என் கையில் கொடுத்தார். பிறகு, “அடுத்த ஞாயிறு கூட்டத்துல நீங்களே இதப் படிக்கணும்” என்றார்.

9.4
பெயரை மாற்றினால் போதுமா? எங்கள் உப்பளத்தில் லாரியில் பாதம் போனவர் ஒருவர்தான். விஜயலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவிக்கே இன்றுதான் தெரியும். “ஊரு கேக்குறதுக்கு முன்னாடி அவங்க கேக்கணுங்க” என்றாள்.

11.4
அன்று பார்த்ததையும் கதை எழுதியதையும் சொல்லிவிட்டேன். மத்தியானம், கொட்டகையில். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம்! அதுவரை ஆராயிக்காவின் ஊசி நிற்கவில்லை.

“பாத்தியா நீ?”

“ஆமாக்கா.”

“ரெண்டு வருஷமா தெனம் ‘கால் வலிக்குதாக்கா’ன்னு கேட்டியே. நல்ல புள்ளன்னு நெனச்சேன்.”

இன்னொரு மூட்டையை மடிக்கு இழுத்தார்.

“கதையில அவன் கத்துறானா?”

“இல்லக்கா.”

“கதைதானே. அதுலயாச்சும் கத்த வச்சிருக்கலாம்ல.”

ஊசியில் நூல் கோத்தார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை.

12.4
கத்த வைத்துப் பார்த்தேன். பொய்யாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.

13.4
கூட்டத்துக்குப் போனேன், படிக்கவில்லை. “அவங்க சரின்னு சொல்லலங்க” என்றேன். மேரிசெல்வி வற்புறுத்தவில்லை.

17.4
சீட்டு வாங்க வந்தவர்கள் போன பிறகு ஆராயிக்கா கையை நீட்டினார். “குடு அந்த நோட்ட. எம் பொண்ணு படிச்சிக் காட்டுவா.”

அவர் மகள் பொன்னி பத்தாம் வகுப்பு. கொடுத்தேன்.

18.4
நோட்டு திரும்பி வரவில்லை.

20.4
இன்றும் இல்லை. அடுப்பில் போட்டிருப்பாங்களோ? போடட்டும். போட அவங்களுக்கு இல்லாத உரிமையா? ஆனா ஒரு வார்த்தை திட்டிட்டுப் போட்டிருக்கலாம்.

22.4
நோட்டு வந்தது. என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைசிப் பக்கத்தில் பொன்னியின் கையெழுத்து:

“அம்மா சொல்லச் சொல்ல எழுதுறேன். புடவை பச்சை இல்ல, நீலம். கூடையில பாதி உப்புதான் இருந்துச்சாம். அன்னிக்கு அம்மா பாடிக்கிட்டே நடந்தாங்களாம், அது கதையில இல்ல. அதையும் எழுதிட்டு அப்புறமா கூட்டத்துல படிக்கச் சொன்னாங்க.”

பாடினாரா? எடைமேடைக்குக் கேட்கவே இல்லை.

என்ன பாட்டு என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.