கன்றிப்போன கால்கள்

அக்கா,

கொடியில் என் மகளின் காலுறை காய்கிறது. தொடைவரை இறுக்கிப் பிடிக்கும் தடித்த காலுறை. தினமும் காலையில் அதை அவளுக்கு ஏற்றிவிடுவது என் வேலை. என் விரல் அழுந்திய இடம் மறுநாள் நீலமாகக் கன்றிவிடுகிறது. பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான்.

மலைக்கு இன்னும் பஸ் வராத காலம். எனக்குப் பதினாறு வயது. உனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் சாமை அறுப்புக்கு நீ வீட்டுக்கு வந்திருந்தாய். இடுப்புக்கு மேலே ஒல்லி. கீழே கால்கள் மட்டும் கணுக்கால்வரை பருத்திருந்தன. "ரெண்டு பலாப்பழத்தக் கட்டிக்கிட்டு நடக்கறேன் கண்ணு" என்று நீயே சிரித்தாய். சுனையில் முதுகு தேய்த்துவிட்டபோது உன் தொடையெல்லாம் கன்றியிருந்ததைப் பார்த்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டைவாய்ச்சி நான், நேரே அப்பாவிடம் ஓடி, "மாமா அக்காவ அடிக்கறாருங்கப்பா" என்றேன்.

எங்கள் மலையூர்களைச் சேர்ந்த பெரக்கரை நாட்டுப் பெரியவர்கள் பஞ்சாயத்துக்குக் கூடினார்கள். "கை நீட்டுனதே இல்லீங்க" என்று மாமா அத்தனை பேர் நடுவில் அழுதார். நீ எழுந்து, "அவரு அடிக்கலீங்க. பானை இடிச்சாலே இப்படி ஆயிருதுங்க, வலி உசுரு போவுதுங்க" என்றாய். அடி வாங்குகிறவள் புருஷனைக் காட்டிக்கொடுப்பாளா என்றார்கள். உங்கள் கல்யாண உறவை அறுத்துவிட்டார்கள். மலையிறங்கிப் போன மாமா திரும்பவே இல்லை.

தின்றுதான் கால் பெருக்கிறது என்று அம்மா ஏச, நீ பாதி உருண்டைக் களியோடு எழுந்துவிடுவாய். முகம் வற்றியது, கால் வற்றவில்லை.

மகளுக்கும் உன்னைப் போலவே கால் பருத்தபோது, மெலியட்டும் என்று இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனே செய்தோம். கன்னம் ஒட்டியது, கால் அப்படியே இருந்தது. பிறகு வேறொரு டாக்டரம்மா அவள் காலை மெல்ல அழுத்திப் பார்த்தார். "இது தின்னு வந்ததில்லீங்கம்மா. பொம்பளைங்களுக்கு வர்ற கொழுப்பு நோவு. வலிக்கும், லேசாப் பட்டாலே கன்னிரும். உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்துச்சுங்களா?"

உனக்கு இருந்தது, அக்கா. நீ சொன்னது அத்தனையும் நிஜம். உன் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான்.

சாகும்வரை நீ என்னைக் கடிந்துகொண்டதில்லை. ஒரே ஒருமுறை, நான் உன் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தபோது சொன்னாய்: "மெதுவாப் புடி கண்ணு. அப்பறம் நீ அடிச்சேன்னு யாராச்சும் சொல்லிப்போடுவாங்க."

தினமும் காலுறையைக் கையில் எடுக்கும்போது அந்தக் குரல் கேட்கிறது. அன்று அதை வேடிக்கை என்று நினைத்து உன்னோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.