பிஜ்லியின் வாயைத் திறந்து பார்த்தோம், தம்பி

என் ஆசைத் தம்பி மாரியப்பனுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. நம் ஊர்ச் சங்கத்து ஆண்டு மலரில் உன் படம் போடப்போகிறார்களாம். அக்கா நாலு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். 'தங்கமான மனசுக்காரன்' என்று எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. நான் படித்த அஞ்சாங் கிளாசில் பொய்யை அழகாக எழுதச் சொல்லித் தரவில்லை.

உன்னை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ராசா. தூக்கி வளர்த்த பிள்ளைக்கு இப்படி ஒரு வார்த்தையை எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை.

பம்பாயில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் உன் வெள்ளைக் குதிரை பிஜ்லிதான். பேண்டுச் சத்தம் கேட்டதும் கழுத்தைத் தூக்குவாள், வாயைத் திறப்பாள், முன்னங்காலை மாற்றி மாற்றி வைப்பாள். "எங்க தம்பி குதிரை என்னமா ஆடுது பாத்தியளா" என்று பக்கத்தில் நிற்பவளை இடித்து இடித்துச் சொல்வேன். ஆயுத பூஜைக்கு அவளுடைய லகானைச் சிவப்புத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து சாமி முன்னால் வைப்பாய். பிரிக்க விடமாட்டாய். துணிக்கு மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தவள் நான்.

நீ போன பிறகு உன் பொண்டாட்டி செல்வி அதைப் பிரித்தாள். குதிரையின் வாய்க்குள் போகிற இரும்பு முழுக்க முள், தம்பி. ஒவ்வொன்றும் ஆணி முனை மாதிரி. இடுக்குகளில் கறுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

மிருக டாக்டரம்மா ஒருத்தி வந்து பிஜ்லியின் வாயைத் திறந்து காட்டினாள். நாக்கு கிழிந்து, ஆறி, ஆறின இடத்திலேயே மறுபடி கிழிந்திருந்தது. அவள் இந்தியில் சொன்னதை என் பேத்தி ரேவதி எனக்குச் சொன்னாள்: "அது டான்ஸ் இல்ல ஆச்சி. லகானை இழுக்கும்போது வலி தாங்காம தலையைத் தூக்கித் தப்பிக்கப் பாக்குது. அவ்வளவுதான்."

எத்தனை கல்யாணத்தில் கைதட்டியிருக்கிறேன்! ராத்திரி வேலை முடிந்து நீ அவளுக்கு வெல்லக்கட்டி ஊட்டுவாயே. அதை அவள் எந்த நாக்கால் தின்றாள்?

செல்வியைக் கொட்டகைக்குள் நீ விட்டதே இல்லை. "பொம்பள வாடை பட்டா குதிரை கெட்டுரும்" என்பாய். வாடைக்குப் பயந்தாயா, அவள் கண்ணுக்குப் பயந்தாயா?

உன் முப்பதாம் நாள் காரியம் கழிந்த மறுநாளே நம் சித்தப்பா மகன் துரை செல்வி முன்னால் வந்து நின்றான். "மைனி, பொம்பளைக்கு எதுக்குக் குதிரை? என்கிட்ட விட்டுருங்க, நான் பாத்துக்கிடுதேன்." பேசும்போதே அந்த முள் லகானைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தான்.

"அதக் கீழ வைங்க," என்றாள் செல்வி. "குதிரை இங்கதான் நிக்கும்."

"அப்போ அண்ணன் பேசி வச்ச செம்பூர் கல்யாணத்த நடத்திக் காட்டுங்க. பேண்டு சத்தத்துல மிரண்டு ஓடிச்சுன்னா நான் புடிச்சிட்டுப் போயிருவேன். சரியா?"

ரோஷத்தில் சரி என்றுவிட்டாள். அதுவரைக்கும் அந்தக் குதிரையின் கழுத்தைக்கூடத் தொட்டுப் பார்த்தவள் இல்லை.

கல்யாணத்துக்கு மூன்று மாசம் இருந்தது. விடிந்ததும் தாராவியிலிருந்து கோவண்டிக் கொட்டகைக்கு ரயில் ஏறிவிடுவாள். கையைத் தூக்கினாலே பிஜ்லி பதறினாள். அதனால் முதல் பதினைந்து நாள் சும்மா அவள் தோள் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வந்தாள் செல்வி. பிறகு தேய்த்துவிட்டாள். பிறகு காலைத் தூக்கிக் குளம்பில் அடைந்த கல்லை எடுத்தாள். சேணம் கட்டும்போது பிஜ்லி வயிற்றை உப்பிக்கொள்வாள், தெரியுமே உனக்கு. நீ முழங்காலால் இடிப்பாய். செல்வி வாரை ஒரு ஓட்டை இறுக்கி, பத்தடி நடத்தி, அவள் மூச்சை விட்டதும் அடுத்த ஓட்டையைப் போடுகிறாள். இதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும், சொல்லு?

ரேவதியின் டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஏறிப் பழகினாள். இரண்டு தடவை விழுந்தாள். முழங்கையில் கட்டோடு மறுநாளும் ஏறினாள். நம் சந்துக்காரி ஒருத்தி அங்கே வந்து, "தாலி அறுத்தவளுக்குச் சவாரி கேக்குதோ?" என்றாள். எனக்குக் காறித் துப்பலாம் போல் இருந்தது. செல்வி குதிரை மேலிருந்தே, "நீங்களும் ஏறுங்கக்கா, கீழ நின்னு பேசினா சரியாக் கேக்கல" என்றாள்.

ரேவதி போனில் பேண்டு வாத்தியத்தைப் போட்டுத் தூரத்தில் நிற்பாள். தினம் பத்தடி கிட்டே வருவாள். தகரத்தைத் தட்டுவாள். பிஜ்லி மிரண்டால் நிறுத்துவாள். அப்படியே பழக்கினார்கள்.

கல்யாணத்தன்று வழுவழு லகானைப் போட்டு, ஒரு பக்கம் செல்வி, மறுபக்கம் ரேவதி. பிஜ்லி ஆடவில்லை, நடந்தாள். மாப்பிள்ளையின் மாமா, நம்ம ஊர்ப்பக்கத்து ஆள்தான், "என்னம்மா இது, எருமையவா ஓட்டிட்டு வந்திய? ஆடச் சொல்லு!" என்று கத்தினார். எப்போது எடுத்தானோ, துரை அந்த முள் லகான் இருந்த சிவப்புத் துணி மூட்டையோடு ஓடி வந்தான். "இந்தாங்க மைனி, மாட்டுங்க. அரை நிமிஷம்."

"ஒங்க வாயில மாட்டிக்கிட்டு ஆடிக் காட்டுங்க. மாப்பிள்ளைய ஒங்க முதுகுல ஏத்தி விடுதேன்," என்றாள் செல்வி.

அந்த நேரம் பார்த்து எவனோ சரவெடியைக் கொளுத்தினான். பிஜ்லி துள்ளினாள். மாப்பிள்ளை கத்தினான். செல்வி தலையைப் பிடித்து இழுக்கவில்லை. தோளில் கையை வைத்து, "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல" என்று சின்ன வட்டமாக அவளை நடத்தினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. குதிரை நின்றது. பிறகு மண்டபம் வரைக்கும் நடந்தது.

அடுத்த கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடமாட்டோம் என்று அந்த மாமா சொல்லித்தான் அனுப்பினார். முள் குத்தி ஆடினால் ரசிக்கிற சனம்! அந்தச் சனத்தில் நானும் ஒருத்தியாக நின்றதுதான் என்னை அரிக்கிறது. துரை அப்புறம் கொட்டகைப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சந்துப் பெண்கள் ஐந்து பேர் செல்வியிடம் ஏறப் பழகுகிறார்கள். தாலி அறுத்தவள் என்று சொன்னாளே, அவள் மகளும் வருகிறாள்.

ஒன்று பாக்கி இருக்கிறது, தம்பி. பிஜ்லி செல்வியிடம் தானாக வருகிறாள். ரேவதி தோளில் தாடையை வைக்கிறாள். நான் வாசலில் நின்று "ஏட்டி" என்று கூப்பிட்டால் மட்டும் தலையைத் தூக்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லையே என்று புலம்பினேன். செல்விதான் சொன்னாள்.

"தப்பா நெனைக்காதிய மைனி. ஒங்க சத்தம் அப்படியே அவுக சத்தம்."

நம் அம்மாவின் கட்டைக் குரல். உனக்கும் எனக்கும்தானே அதைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது நானும் தினம் கொட்டகைக்குப் போகிறேன். வாசலில் உட்கார்ந்து மெதுவாக எதையாவது பேசிக்கொண்டிருக்கிறேன். வெயிலைப் பற்றி, ரயில் கூட்டத்தைப் பற்றி. இந்தக் குரலைக் கேட்டும் அவள் தலையைத் தூக்காமல் புல்லைத் தின்கிற நாள் வரைக்கும் போவேன். அன்றைக்கு வந்து உன் படத்துக்குப் பூ வைக்கிறேன். அதுவரைக்கும் கிடையாது, ராசா.

உன் குரலோடு இன்னும் உயிரோடிருக்கிற,
உன் கூடப் பிறந்த அக்கா,
பேச்சியம்மாள்